வெள்ளிக்கிழமை நாக்கு

என் சமையலறை ஆணியில் ஒரு கொட்டாங்கச்சி அகப்பை தொங்குகிறது. மூங்கில் பிடி, ஒரு பக்கம் கருகிய விளிம்பு. விடுதி வேலையை விட்டு வந்த அன்று சொல்லாமல் எடுத்து வந்தது. பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். திருப்பிக் கொடுத்துவிடு என்றார் பங்குச் சாமியார். பாவத்தைச் சொல்லத்தான் போனேன், அகப்பையைக் கொடுக்கப் போகவில்லை. அதனால் இன்னும் இங்கேயே தொங்குகிறது.

ஒண்டிக்கடை முக்கிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது அந்த விடுதி. ஏற்காட்டுக்குக் குளிர் வாங்க வருகிறவர்களுக்கு நான்தான் குழம்பு வைத்தேன். கறி என்றால் எனக்கு உயிர். அதனால்தான் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைப்பதில்லை என்று வைத்திருந்தேன். உப்புப் பார்ப்பதில் பாவமில்லை என்று சாமியாரே சொன்னார். அவருக்கு வேதம் தெரியும், என் நாக்கைத் தெரியாது. ஒரு சொட்டு வைத்தால் அடுத்தது ஒரு தொடைக்கறி கேட்கும்.

என்னோடு அடுப்படியில் நின்றவள் தலைச்சோலைக்காரி. காலை பஸ்ஸில் வந்து இறங்குவாள். முருகனுக்குக் கிருத்திகை விரதம் இருப்பாள். அன்று கறிச்சட்டிப் பக்கம் வாயைக் கொண்டுபோக மாட்டாள். எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. வெள்ளிக்கிழமை அவள் நாக்கு எனக்கு, கிருத்திகைக்கு என் நாக்கு அவளுக்கு. அகப்பையின் நுனியில் எடுத்து நீட்டுவேன். அவள் ஊதி, உறிஞ்சி, கண்ணை மூடிச் சொல்லுவாள்: “இன்னும் ஒரு சிட்டிகை போடுங்க்கா. உங்க ஏசு ஒண்ணுஞ் சொல்லமாட்டாரு.” நான் விடுவேனா? “உங்க முருகங்கிட்ட மயிலைக் கட்டி வெச்சிருக்கச் சொல்லு புள்ள, உன்ற சமையலுக்கு அதுதான் பாக்கி!” இப்படியே பல வருஷம் ஓடியது. சொந்தத் தங்கச்சிக்குக்கூட நான் அப்படி நாக்கை நம்பிக் கொடுத்ததில்லை.

ஒரு தவக்கால வெள்ளி. முதலாளியின் கூட்டாளிகள் சேலத்திலிருந்து குடும்பம் குடும்பமாக மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். நாட்டுச் சேவல் குழம்பு. வழக்கம்போல அகப்பையை நீட்டினேன். உறிஞ்சினாள். அன்று கண்ணை மூடவில்லை. “கணக்கா இருக்குதுங்க்கா” என்றாள். இறக்கினேன்.

முதல் பந்தியிலேயே ஒருவர் இலையோரம் துப்பினார். அடுத்தவர் தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினார். உப்புக் கரித்திருக்கிறது. முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். அவரும் எங்கள் கோயில்தான், முதல் பெஞ்சு. “யாரு உப்புப் பாத்தது?” என்றார். நான் அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

“அக்காதானுங்க சமையலு. எனக்கென்னங்க தெரியும்?”

ஏசுவைத் தெரியாது என்று இராயப்பர் மறுத்தபோது சேவலாவது கூவியது. எங்கள் சேவல் குழம்பில் கிடந்தது.

முதலாளி சத்தம் போடவில்லை. “நானும் பூசைக்குப் போறவந்தாம்மா. கோயிலக் கோயில்ல வெச்சுட்டு வந்திரோணும். இனி வெள்ளிக்கெழமையும் நாக்குல வெச்சுப் பாத்துட்டு எறக்கறதுன்னா அடுப்படியில நில்லு. இல்லீனா பாத்திரங் கழுவப் போ” என்றார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. “சோப்பு எங்கீங்க இருக்குது?” என்று கேட்டுவிட்டேன். மறுநாளிலிருந்து கரண்டி அவள் கையில், தேங்காய் நார் என் கையில்.

உப்பை அவள்தான் கூடப் போட்டாளா, என் கைதான் தவறியதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. கை தவறும். ஆனால் ருசி பார்த்த அதே நாக்கு “எனக்கென்ன தெரியும்” என்றதே, அது கை தவறியது இல்லை.

பிறகு கிருத்திகை வந்தது. அடுப்பில் ஆட்டுக்கறி. தொட்டியடியில் உட்கார்ந்திருந்த என் முன்னால் இதே அகப்பை வந்து நின்றது. நீட்டியவள் அவள்தான். வாங்கி உறிஞ்சினேன். உப்பே இல்லை. கணக்காய் இருக்கிறது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மதியத்துக்குள் அவளும் தொட்டியடிக்கு வந்துவிடுவாள். அந்த வார்த்தை நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. குழம்பைவிட ருசியாகத்தான் இருந்தது. கறியை விட்ட நாக்கு பொய்யையும் விடவேண்டாமா? விழுங்கிவிட்டேன்.

“உப்பே இல்ல புள்ள. ஒரு கை அள்ளிப் போடு.”

அவள் என்னையே பார்த்தாள். “ஏனுங்க்கா, நெசமாத்தானுங்களா?”

“நெசந்தாங் கண்ணு.”

நம்பவில்லை. உப்பு டப்பாவைத் திறந்தாள், மூடினாள். என்னைப் பார்த்தாள், சட்டியைப் பார்த்தாள். கடைசியில் அகப்பையில் மிச்சமிருந்த சாற்றைத் தன் நாக்கிலேயே விட்டுக்கொண்டாள். அவள் கிருத்திகை விரதம் அந்த இடத்திலேயே முறிந்தது. ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுக் கிளறினாள். எனக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்குள் அகப்பை நீளவே இல்லை. அந்த மாதத்தோடு நானும் நின்றுவிட்டேன்.

மன்னித்துவிட்டாயா என்று சாமியார் கேட்டார். “மன்னிச்சாச்சுங்க சாமி, ஆனா உப்புப் பாக்கக் குடுக்கமாட்டேன்” என்றேன். அதற்கும் சேர்த்துத்தான் ஜெபம் சொல்லச் சொன்னார்.

என் மருமகள் மாரமங்கலத்துப் பெண், சிவனைக் கும்பிடுகிறவள். மகன் விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தான். போன வெள்ளிக்கிழமை அவள் அண்ணன் வந்திருந்தான், கோழி எடுத்தோம். தவக்காலம், நான் வாயில் வைக்கமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். “குடுங்கத்தை, நாம் பாக்கறேன்” என்று தானே ஆணியிலிருந்து அகப்பையை எடுத்தாள். ஊதினாள், உறிஞ்சினாள். “கணக்கா இருக்குதுங்கத்தை.”

நல்ல பெண். பொய் சொல்லத் தெரியாதவள். ஆனாலும் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

“என்னுங்கத்தை, அப்பிடிப் பாக்கறீங்க?”

“ஒண்ணுமில்ல கண்ணு” என்று அகப்பையை வாங்கி ஆணியில் மாட்டினேன். குழம்பை இறக்க மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் ஆனது.