மாமியும் மருமகனும் மரை வேட்டைக்குப் போனால்...

போன மாதம் ஒரு சனிக்கிழமை என் மருமகனின் தலையைப் பார்த்து எறிந்தேன். குறி தப்பவில்லை.

பதறாதீர்கள். எறிந்தது யூகலிப்டஸ் மரத்துக் காய். அவர் தலையில் தொப்பியும் இருந்தது. ஏன் எறிந்தேன்? அதற்கு எங்கள் வீட்டுக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மருமகன் அன்ரனும் நானும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஆனால் நேருக்கு நேர் பேசுவதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. மன்னார்ப் பக்கத்தில் மாமியார் மருமகனோடு முகம் பார்த்துக் கதைப்பது எங்கள் காலத்தில் வழக்கமில்லை. மெல்பனுக்கு வந்தும் அது விட்டுப் போகவில்லை. "தேத்தண்ணி ஆறுது போல" என்று நான் சுவருக்குச் சொல்வேன். அவர் எடுத்துக் குடிப்பார். "இறைச்சிக்கு உப்பு அளவாயிருக்கு" என்று அவர் கோப்பைக்குச் சொல்வார். எனக்கு விளங்கும். இடையில் பேச மகள் ஜெசிந்தா இருக்கிறாள். வேறென்ன வேண்டும்?

அன்ரனுக்கு ஒரு பைத்தியம் உண்டு — மான் வேட்டை. இங்கே ஒரு பெரிய மானை 'சம்பார்' என்கிறார்களே, அது வேறொன்றுமில்லை, நம்முடைய மரைதான்! அது எந்தக் காலத்திலோ கப்பலில் வந்து இறங்கியிருக்கிறது. நாங்கள் விமானத்தில் வந்தோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

லைசென்ஸ் எடுத்தார். சுடுவதற்குத் துவக்கு வாங்கினார். இறைச்சி வைக்க கராஜில் ஒரு பெரிய பிறீசரும் வாங்கிப் போட்டார். மூன்று வருடமாக அந்தப் பிறீசரில் இருந்தது என்ன? என்னுடைய முருங்கைக்காயும் ஐஸ்கிரீமும்!

ஜெசிந்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. "இதுதான் கடைசி. இந்த முறையும் வெறுங்கையோட வந்தா துவக்கை வித்துப்போட்டு, சனி ஞாயிறில வீட்டுப் புல்லை வெட்டுங்கோ."

"நான் என்ன செய்ய? கூட வாறவங்கள் வாய் மூடினால்தானே! ஒருத்தன் கிரிக்கெட் கதைப்பான், மற்றவன் வீட்டு லோன் கதைப்பான். மரைக்குக் காதில்லையோ?"

"அப்ப அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கோ. அவ உங்களோட ஒரு சொல்லும் கதைக்கமாட்டா."

பகிடிக்குத்தான் சொன்னாள். ஆனால் அவர் யோசித்தார். நானும் யோசித்தேன். மனிதர் ஆசையாகச் செய்யும் ஒரே காரியம்... அதுவும் போய்விடுமே.

அந்தச் சனிக்கிழமை இரண்டு பேரும் இருட்டோடு புறப்பட்டோம். காரில் நெடுந்தூரம். "தண்ணி பையுக்க இருக்கு" என்றேன் கண்ணாடி ஜன்னலிடம். "டொய்லெற் ஒண்டு வருகுது, தேவையெண்டா நிப்பாட்டலாம்" என்றார் ஸ்டியரிங்கிடம். மிச்ச நேரம் நான் செபமாலை சொன்னேன்.

காட்டுக்குள் போனதும் எனக்கு ஒரு பயம். இது யாருடைய காணி? வேலியுமில்லை, கேற்றுமில்லை. என் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்திருப்பார் போல. ஒரு மரத்தைப் பார்த்துச் சொன்னார்: "இது அரசாங்கக் காடு. எல்லாருக்கும் பொது. லைசென்ஸ் இருந்தா ஆரும் வேட்டைக்கு வரலாம். அதாலதான் மரைக்கும் கள்ளம் கூட."

யோசித்துப் பார்த்தால் சரிதான். பொதுக்காட்டில் 'வாருங்கள், இதோ மரை' என்று காட்ட யாரும் இல்லை. கிடைத்தால் உண்டு. இல்லையென்றால் ஏறின மலையை இறங்க வேண்டியதுதான்.

ஒரு பள்ளத்துக்கு மேலே, விழுந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்தோம். இடையில் நாலு பேர் இருக்கலாம், அவ்வளவு தள்ளி! எதிர்ச் சரிவில் வெயில் விழத் தொடங்கியது. குளிர்கால வெயிலுக்கு மரை வெளியே வருமாம். அவர் பைனாகுலரால் இடதுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். துவக்கு பக்கத்தில், குண்டு ஏற்றாமல்.

வலதுபக்கம், பன்னச் செடிகளுக்குள் ஒரு மரக்கட்டை தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டை காதை ஆட்டியது.

கட்டைக்குக் காது இருக்குமா?

எப்படிச் சொல்வது? வழக்கம்போல காற்றுக்குச் சொன்னால் மரைக்கும் கேட்டுவிடும். கையைத் தொடலாமா? ஐயோ, மாமியார் மருமகனைத் தொடுவதா! அவரோ இந்தப் பக்கம் திரும்புவதாயில்லை. இது போனால் துவக்கும் போய்விடும்.

காலடியில் ஒரு காய் கிடந்தது. எடுத்தேன். எறிந்தேன்.

தொப்பியில் 'டொக்'.

திரும்பினார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக என் முகத்தை நேரே பார்த்தார். நான் நாடியை வலதுபக்கம் நீட்டிக் காட்டினேன்.

உடனே சுட்டிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. பொதுக்காடு அல்லவா, மரைக்குப் பின்னால் யாராவது நடந்து வரலாம். பார்த்தார், பார்த்தார்... மரைக்கே அலுத்திருக்கும். பிறகு குண்டை ஏற்றினார். ஒரே வெடி.

"விழுந்திட்டுது, மாமி!"

"ஓம் தம்பி, விழுந்திட்டுது!"

சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. அவர் மரத்தைத் தேடினார். நான் சுவரைத் தேடினேன். காட்டில் சுவருக்கு எங்கே போவது? சிரித்துவிட்டோம்.

இறைச்சியை வெட்டிப் பைகளில் கட்டி முதுகில் சுமந்தார். ஈரலை நான் தூக்கினேன். "வையுங்கோ மாமி, நான் பிறகு வந்து எடுக்கிறன்" என்றார். "எனக்கென்ன கையில்லையோ?" என்றேன். ஏற்றத்தில் மூச்சு வாங்க நின்ற இடத்தில், மனதில் கிடந்ததைக் கேட்டேன். "மூண்டு வருசம் வெறுங்கையோட வந்தும், ஏன் தம்பி திரும்பத் திரும்பப் போனனீங்கள்?"

பாரத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "வெறுங்கையோட வந்தனான் எண்டு ஜெசிந்தாதான் சொன்னவ. நான் சொன்னனானோ, மாமி?"

பிறீசர் நிரம்பியது. அக்கம்பக்கத்துக்கெல்லாம் பங்கு போனது. மிளகு கூட்டிப் பிரட்டல் வைத்தேன். ஜெசிந்தா இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, "சரி, துவக்கு இருக்கட்டும்" என்றாள்.

போன சனிக்கிழமை மறுபடியும் போனோம். காரிலே தொடங்கிய கதை! அவருடைய அம்மாவின் நண்டுக் குழம்பு, எங்கள் கோயில் பெருநாள், அவருடைய மனேஜரின் குறட்டை... மலை ஏறும்போதும் கதை, மரத்தில் உட்கார்ந்தும் கதை. மரையின் வாலைக்கூடக் காணவில்லை.

ஜெசிந்தா கதவைத் திறந்து எங்கள் கைகளைப் பார்த்தாள். "கதைக்கமாட்டீங்கள் எண்டுதானே, அம்மா, உங்களை அனுப்பினனான்! இப்ப ரெண்டு பேரும் வெறுங்கையோடயோ வந்தனீங்கள்?"

அவர் வாய் திறக்கமுன் நான் முந்திக்கொண்டேன்.

"ஆர் சொன்னது?"