கூபே ஓடிய வரலாறு

பெரிய மனிதர்களின் வரலாற்றை எழுத ஆட்கள் ஏராளம். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவரின் வரலாற்றை எழுத எவரும் முன்வராததால் அந்தப் பொறுப்பு இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

தெருவில் அவருக்கு லென்ஸ் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அதை மின்கட்டண ரசீது மட்டும் மதித்து வந்தது. எதிரே வருகிறவரின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. மூக்கின் மேல் கண்ணாடி நேராக உட்கார்ந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார். சாய்ந்திருந்தால் நடுத்தெரு என்றும் பாராமல் கழற்றி, காதுப்பக்கக் கம்பியை வளைத்து, திரும்ப மாட்டிவிட்டுப் போவார். கண்ணாடி போடாதவர்களையும் அவர் மனிதர்களாகவே மதித்தார். இன்னும் முழுமை பெறாதவர்கள், அவ்வளவுதான்.

இப்படிச் சீராகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு கார் குறுக்கே வந்தது. காலமான டாக்டர் ஒருவரின் வீட்டுக் கொல்லையில், கோழிகள் குடியிருக்கும் நிலையில் அதைக் கண்டார். இரண்டே கதவுகள். முதுகுப்பக்கம் வழுக்கிக்கொண்டு இறங்கும் கூரை. பின்சீட்டுக்குப் போக முதலில் முன்சீட்டை மடக்க வேண்டும், பிறகு தன்னையும் மடக்கிக்கொள்ள வேண்டும். அந்த ரகத்துக்குக் கூபே என்று பெயர். அவரை வீழ்த்தியது இதெல்லாம் அல்ல. முன்னால் இரண்டு வட்ட விளக்குகள், நடுவே அவற்றை இணைத்து ஒரு வெள்ளிப் பட்டை. பிறக்கும்போதே கண்ணாடி போட்டுப் பிறந்த வண்டி. டாக்டரின் வாரிசுகள் எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார்கள். கோழிகள்தான் கொஞ்சம் ஆட்சேபித்தன.

கயிறு கட்டி இழுத்துவந்து வீட்டை ஒட்டிய ஷெட்டில் நிறுத்தியதும் மனைவி வெளியே வந்தார்.

"என்னங்க இது?"

"கூபே."

"அது தெரியுது. குப்பைய எதுக்கு ஷெட்டுக்குள்ள விட்டீங்க?"

அன்றிலிருந்து தெருவுக்கே அது குப்பைதான்.

மனைவியின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவர் பள்ளிச் சீருடை தைப்பவர். கூடத்தில் இரண்டு தையல் மிஷின், படுக்கையறையில் துணிக்கட்டு, சாப்பாட்டு மேசையில் காலர்கள். பொத்தான் விழாத ஒரு வாய்ச் சோறு அந்த வீட்டில் அபூர்வம். ஓரம் தைக்கும் புது மிஷினுக்குச் சொல்லியாகிவிட்டது. அது வந்தால் தையலை முழுக்க ஷெட்டுக்கு மாற்றிவிடுவது என்று முடிவாகியிருந்தது. இப்போது ஷெட்டில் மிஷின் இல்லை, கூபே இருக்கிறது.

பஞ்சாயத்துக்கு மனைவியின் தம்பி அழைக்கப்பட்டார். பேருந்து ஓட்டுநர், ஆகவே வண்டிகளைப் பற்றிக் கருத்துச் சொல்லச் சட்டப்படி உரிமை உள்ளவர். உலகத்திலேயே கொஞ்சம்தான் இந்த ரகத்தைச் செய்தார்கள் என்று லென்ஸ் பெருமையாகச் சொன்னார்.

"கொஞ்சம்தான் வித்திருக்கும் மாமா" என்றார் தம்பி.

கடைசியில் மனைவியே தீர்ப்புச் சொன்னார்.

"மிஷின் வர்றதுக்குள்ள இது ஓடணும். ஓடினா இருக்கட்டும். ஓடலைன்னா இரும்புக்கடைக்குப் போகட்டும்."

வேறொருவராக இருந்தால் எஞ்சினில் ஆரம்பித்திருப்பார். லென்ஸ் விளக்கில் ஆரம்பித்தார். கண் தெரியாத வண்டி ஓடி என்ன பயன்? கடையிலிருந்து கண்பார்வை பார்க்கும் எழுத்துப் பலகையைக் கொண்டுவந்து ஷெட்டின் சுவரில் மாட்டி, இரவல் பேட்டரியில் விளக்குகளை எரியவைத்து முறைப்படி சோதனை நடத்தினார். வலது கண்ணுக்கு எட்டத்தில் உள்ளது மங்கல். இடது கண்ணுக்கோ எதிர்வீட்டு மாடி ஜன்னல் மட்டும் துல்லியம். அந்த வீட்டில் திரைச்சீலை வாங்கினார்கள். கண்ணாடிகளைத் தேய்த்து, மெருகேற்றி, கோணம் திருத்தி முடித்தபோது இரண்டு விளக்குகளும் பலகையின் கடைசி வரி வரைக்கும் படித்தன.

பிறகுதான் மெக்கானிக் வந்தார். முன்மூடியைத் தூக்கினார், உள்ளே பார்த்தார், மெதுவாக இறக்கினார்.

"கண்ணு ரெண்டும் நல்லா இருக்கு. உயிர்தான் இல்லை."

எஞ்சினில் பாதியை டாக்டர் காலத்திலேயே யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மீதிப் பாதியில் கோழிகள் முட்டையிட்டிருந்தன. லென்ஸ் அன்று கடையில் மூன்று பேருக்கு இடது கண்ணாடியை வலப்பக்கம் மாட்டிக் கொடுத்தார் என்பதிலிருந்து அவர் மனநிலையை ஊகிக்கலாம்.

புது மிஷின் வந்துசேர்ந்த காலையில் இரும்புக்கடைக்காரரும் தன் லாரியோடு வந்து நின்றார். தம்பி விடுப்புப் போட்டு வந்திருந்தார். காரின் பின்சீட்டில் மனைவி இரண்டு சீருடைக் கட்டுகளைப் போட்டுவைத்திருந்தார். வண்டி ஆகாவிட்டாலும் அதன் சீட்டு ஆகும். அவற்றை எடுக்க உள்ளே மடங்கி நுழைந்தார். வண்டியை வெளியே கொண்டுபோனால் லாரியில் ஏற்றச் சுலபம் என்று லென்ஸ் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

அக்கா உள்ளே இருப்பதைக் கவனிக்காமல் தம்பி பின்னாலிருந்து தள்ளினார். பேருந்து ஓட்டுநர் அல்லவா, பேருந்தைத் தள்ளுகிற பலத்தோடு தள்ளினார்.

தெரு கடைவீதியை நோக்கிச் சரிவு. கூபே வாசலைத் தாண்டியது, லாரியைத் தாண்டியது, பிறகு தன்பாட்டுக்குப் போயிற்று. லென்ஸ் பிரேக்கை மிதித்தார். மிதி தரை வரைக்கும் போய் அங்கேயே தங்கிவிட்டது. அவர் ஹாரனை அமுக்கினார். அதுவும் டாக்டரோடு போயிருந்தது. பின்சீட்டிலிருந்து வந்த சத்தம்தான் தெருவை விலக்கியது. முனையில் வண்டி அழகாகத் திரும்பி, லென்ஸின் கடைக்கு முன்னாலிருந்த காலியிடத்தில் யாரோ கொட்டிவைத்த மணலில் ஏறி நின்றது. மோதியது என்று சொல்வது பொருந்தாது. மணல் வரவேற்றது.

எல்லோரும் ஓடிவந்தார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. லென்ஸ் மூச்சு வாங்கிக்கொண்டு பின்பக்கம் திரும்பினார்.

"ஓடிச்சா, இல்லையா?"

"உருண்டுச்சு மாமா" என்றார் தம்பி.

"ஓடணும்னுதானே உங்கக்கா சொன்னா. எஞ்சின் வச்சு ஓடணும்னு சொன்னாளா?"

வழக்கு இரும்புக்கடைக்காரரிடம் போயிற்று. அவர் தொழிலுக்கு விரோதமாக நியாயம் பேசினார்.

"ஓடுச்சுங்க. நான் துரத்திப் பிடிக்க முடியலையே."

லென்ஸ் இறங்கிப்போய், அவருடைய சாய்ந்த கண்ணாடியைக் கழற்றி நேராக்கி மாட்டிவிட்டார்.

தெருவே பின்சீட்டிலிருந்த மனைவியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"சரி, ஓடிச்சு" என்றார். "இப்ப வீட்டுக்குத் திரும்பி வரச் சொல்லுங்க."

மேட்டில் ஏற அதற்கு வழியில்லை. ஏற வேண்டிய அவசியமும் இல்லை என்பது ஒவ்வொருவருக்காக உறைத்தது. ஷெட் காலி. கடை முன்னால் கூபே. தம்பி தலையைச் சொறிந்துகொண்டு மிஷினை இறக்கப் போனார்.

லென்ஸ் முன்சீட்டை மடக்கி, மனைவி இறங்கக் கைகொடுத்தார். அவர் இறங்கவில்லை. வண்டி மணலில் ஏறிய வேகத்தில் கூரையின் உட்துணி கிழிந்து அவர் தலையில் முக்காடாக விழுந்திருந்தது. அதன் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத யாருங்க தைச்சது, கோழியா? ஒரு தையல்கூட நேரா இல்லை."

"பழைய தையல்தானே" என்றார் லென்ஸ் பயந்துகொண்டே.

"பழசுன்னா கோணலா இருக்கணுமா? அளவெடுக்கிற டேப்ப எடுத்துட்டு வாங்க."