அடுக்கியபோது காணாமல் போன வால்நட்சத்திரம்

சூரியன் மறைந்த கையோடு மேற்கில் ஒரு வால்நட்சத்திரம் தெரியும் என்று செய்திகளில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெங்களூரில் நாள்தவறாமல் மேகம். ஒரு சனிக்கிழமை மட்டும் வானம் விட்டுக்கொடுத்தது. நானும் கணவரும் மர்பி டவுனில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு ஏறினோம். நான் கேமராவோடு, அவர் பைனாகுலரோடு.

பத்து நிமிடத்தில் அவர் கத்தினார். "இதோ! தண்ணி டேங்குக்கு மேல! வால் கூட இருக்கு!"

நான் பைனாகுலரை வாங்கிப் பார்ப்பதற்குள் மெல்லிய மேகம் ஒன்று குறுக்கே வந்தது. அது விலகியதும் அவர் காட்டிய பக்கம் கேமராவைத் திருப்பி, முக்கால் மணி நேரம் விடாமல் படம் எடுத்தேன்.

ஒற்றைப் படத்தில் நகரத்து வெளிச்சமும் புள்ளிகளும்தான் இருக்கும். நிறையப் படங்களை நட்சத்திரங்கள் பொருந்தும்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் மங்கலானவை துலங்கும். அடுக்கும்போது, ஒரு படத்தில் மட்டும் வந்துபோகும் விமானக் கோடு போன்றவற்றை மென்பொருள் நீக்கிவிடும். மற்ற படங்களிலிருந்து எவ்வளவு வித்தியாசம் இருந்தால் நீக்கலாம் என்பதை சிக்மா என்ற எண்ணால் நாம்தான் சொல்ல வேண்டும். எண் சிறியதானால் கண்டிப்பு அதிகம். எங்கள் தலைக்கு மேல் விமானங்களுக்குக் குறைவில்லை. ஒன்றரை என்று வைத்தேன்.

ஞாயிறு காலை படம் தயாரானது. துப்புரவான வானம், கூர்மையான நட்சத்திரங்கள். வால்நட்சத்திரம் இல்லை.

"நான் பாத்தேனே," என்றார் அவர்.

"நூறு படத்த அடுக்கியிருக்கேங்க. இருந்தா வந்திருக்கும். நீங்க பாத்தது மேகம்."

அவர் திரையை இன்னொரு முறை குனிந்து பார்த்தார். "சரி. மேகமாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு டீ போடப் போனார். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை என்று இப்போது தோன்றுகிறது.

திங்கட்கிழமை ஒயிட்ஃபீல்டுக்குப் போகும் ஆபீஸ் வண்டி டின் ஃபேக்டரி நிறுத்தத்துப் பக்கம் நெரிசலில் அசையாமல் நின்றது. பொழுதுபோகாமல் லேப்டாப்பைத் திறந்து, முதல் படத்தை மட்டும் வெளிச்சம் கூட்டிப் பார்த்தேன். ஓரத்தில் பஞ்சுபோல ஒரு தலை, மேல்நோக்கி மெல்லிய வால். கடைசிப் படத்திலும் இருந்தது, ஆனால் சற்றுத் தள்ளி. முக்கால் மணி நேரத்தில் அது நட்சத்திரங்களுக்கிடையே நகர்ந்திருக்கிறது. ஓர் இடத்தில் நிற்காததால் விமானத்தோடு சேர்த்து அதையும் நீக்கச் சொன்னது என் ஒன்றரைதான்.

அவர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். டீ நேரம் வரை காத்திருந்து போன் செய்தேன்.

"நீங்க பாத்தது வால்நட்சத்திரம்தாங்க. நான்தான் அழிச்சுட்டேன்."

மிஷின் சத்தத்துக்கு நடுவே சொன்னார்: "அய்யோ, காலைலதான் எல்லார்கிட்டயும் மேகம்னு சொன்னேன். வால்நட்சத்திரம் பாத்தேன்னு சனிக்கிழமையே ஃபேக்டரி வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டேன்ல, வந்ததும் கேட்டாங்க. 'ஏன் சார், கனசா'ன்னு கன்னடத்துல, கனவு கண்டீங்களான்னு சிரிச்சாங்க."

"மன்னிச்சுக்கோங்க," என்றேன்.

"அட விடு. படம் வருமா?"

அன்று மாலை வீடு திரும்பியதும் மீண்டும் அடுக்கினேன். இந்த முறை நட்சத்திரங்களை விட்டுவிட்டு, வால்நட்சத்திரத்தின் தலை எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் வரும்படி பொருத்தினேன். சிக்மாவை மூன்றாக்கினேன். விமானக் கோடு ஒன்று லேசாக மிஞ்சியது. இரண்டரை வைத்துப் பார்த்தேன். கோடு போனது, ஆனால் வாலின் நுனி மெலிந்ததுபோல் பட்டது. மூன்றுக்கே திரும்பினேன். நட்சத்திரங்கள் சின்னச் சின்னக் கோடுகளாக இழுபட்டிருக்க, அவற்றுக்கு நடுவில் அது முழுசாக நின்றது.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பைனாகுலர்ல வால் இன்னும் கொஞ்சம் நீளமா இருந்துச்சு," என்றார்.

"இருந்திருக்கும்ங்க," என்றேன். அவர் படத்தைத் தொழிற்சாலை குரூப்புக்கு அனுப்பிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.