லொடலொட கைப்பிடியும் ஒரு இங்கிலீஷ் வார்த்தையும்

போன வாரம் ஒரு காலை. காபி டம்ளரைக் கையில் எடுத்த நேரம்... போன். குற்றாலத்திலிருந்து ஜெபராணி. என் பள்ளிக்கூடத் தோழன் தேவராஜின் மனைவி. ஐந்தருவி போகிற ரோட்டில் வீட்டையே சீசனுக்கு வாடகைக்கு விட்டு, சமைத்தும் போடுகிறார்கள்.

"அண்ணாச்சி, ராம்ஷாக்கிள்னா என்ன? எங்களை ஏசியிருக்கானா, புகழ்ந்திருக்கானா... அதை மட்டும் சொல்லுங்க!"

விஷயம் இதுதான். வந்து தங்கிப் போன ஒருத்தர் இன்டர்நெட்டில் ரிவ்யூ போட்டிருக்கிறார். 'ராம்ஷாக்கிள் பில்டிங். ஃபுட் எக்ஸலன்ட்.' ஜெபராணி தெரு முழுக்க விசாரித்துவிட்டாள். போன் மொழிபெயர்ப்பு 'பாழடைந்த' என்றதாம். எதிர்வீட்டு டியூஷன் டீச்சரோ, பழமையான, பாரம்பரியமான என்று அடித்துச் சொல்லிவிட்டார்.

தேவராஜ் யாரை நம்பியிருப்பான்? டீச்சரைத்தான். ரிவ்யூவுக்குக் கீழே அவனே பதில் போட்டிருக்கிறான் - 'தேங்க்யூ சார். ஆல்வேஸ் லைக் திஸ் ஒன்லி. வெல்கம் அகெய்ன்.' பக்கத்தில் கும்பிடும் கை வேறு!

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால், ஜெபராணி சிரிக்கிற நிலைமையில் இல்லை. வருஷா வருஷம் சீசனுக்கு வந்து வீட்டை மொத்தமாக எடுத்துத் தங்கும் மதுரைக் குடும்பம் ஒன்று அந்த ரிவ்யூவைப் பார்த்துவிட்டது. இந்த முறை முழங்கால் ஆபரேஷன் முடிந்த அம்மாவையும் கூட்டி வருகிறார்கள். 'கட்டடம் பத்திரமா இருக்கா? சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க. இல்லைன்னா வேற இடம் பார்க்கணும்' என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறார்கள்.

"அவங்க சின்னப் பொண்ணு நடக்கப் படிச்சதே எங்க வராண்டாவுலதான் அண்ணாச்சி. அவங்க போயி வேற வீட்டுல எறங்குனா எனக்கு எப்படி இருக்கும்?"

எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. கூடவே ஒரு குறுகுறுப்பு. அந்த வார்த்தை அந்த வீட்டுக்குப் பொருந்துமா, பொருந்தாதா? நேரில் பார்க்காமல் எப்படிச் சொல்வது? தென்காசியில் பஸ் ஏறிவிட்டேன்.

பஸ்ஸிலேயே போனில் அகராதியைப் புரட்டினேன். சரியாகப் பொருந்தாமல், ஆட்டம் கண்டு, இப்பவோ அப்பவோ என்று நிற்கும் சாமான்களுக்கு உரிய சொல்லாம். வீட்டுக்குச் சொல்லலாம், ஓட்டைக் காருக்குச் சொல்லலாம். ஒழுங்கில்லாமல் நடக்கிற நிர்வாகத்துக்குக்கூடச் சொல்லலாமாம். மனிதர்களுக்கு? தேடிப் பார்த்தேன், ஒரு உதாரணமும் இல்லை.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். குற்றாலத்தில் பல வீடுகள் ஒரு சீசனுக்கு ஒரு ரூம் என்று வளர்ந்தவை. சாரல் நன்றாக விழுந்து கூட்டம் வந்த வருஷம் ஒரு ரூம் எழும்பும். தண்ணீர் விழாத வருஷம் பாத்ரூமோடு நின்றுவிடும். தேவராஜ் வீடும் அப்படித்தான். ஒரு ரூமில் சிவப்புத் தரை, அடுத்ததில் மொசைக், அதற்கடுத்ததில் டைல்ஸ். மாடிப்படி வீட்டுக்கு வெளியே. கடைசி ரூமுக்குப் போக பக்கத்து ரூமின் பால்கனியைத் தாண்ட வேண்டும். இந்த பாத்ரூமின் சுவிட்ச் அந்த பாத்ரூம் வாசலில்!

பிளான்? அப்படி ஒன்று இருந்ததே இல்லை.

போய் இறங்கியதும் மூன்று பேரும் வீட்டைச் சுற்றி வந்தோம். சுவரைத் தட்டினேன். கிண்ணென்று இருந்தது. கீழ் ரூம்களின் கூரையை அண்ணாந்து பார்த்தேன், ஒரு விரிசல் இல்லை. இத்தனை மழையிலும் உள்ளே ஒரு பொட்டு ஒழுகல் கிடையாது.

"என்ன அண்ணாச்சி சொல்லுதிய?" என்றாள் ஜெபராணி.

"வீடு தாறுமாறா இருக்கும்மா. ஆனா ஆடல. தாறுமாறு வேற, லொடலொட வேற. அந்த இங்கிலீஷ் வார்த்தை லொடலொடக்குத்தான் பொருந்தும்."

"அப்பம் அந்த ஆளு எழுதுனது தப்புதானல?" - தேவராஜுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "டீச்சரும் தப்பு, அவனும் தப்பு. இப்பமே மதுரைக்குப் போன் போடுதேன், ஒரு குறையும் இல்லன்னு!"

"இருல, மேல் ரூமையும் பாத்துருவோம்" என்று வெளிப்படியில் ஏறினேன். சாரலில் படி வழுக்கியது. சட்டென்று கைப்பிடியைப் பிடித்தேன்.

கைப்பிடி என்னோடு வந்துவிட்டது.

நல்லவேளை, தேவராஜ் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். அடி ஒன்றும் இல்லை. குனிந்து பார்த்தால்... கைப்பிடிக் குழாயைக் கம்பத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது வெல்டிங் அல்ல. பழைய சைக்கிள் டியூப்! சுற்றிச் சுற்றிக் கட்டி, மேலே அழகாகப் பெயின்ட் வேறு அடித்திருந்தான் மகராசன்.

"ஏம்ல இப்படி?" என்றேன்.

"சீசன்ல ஆளு தங்கியிருக்கும், வேலை பாக்க முடியாது. சீசன் முடிஞ்சா ஆளே கெடையாது. பொறவு யாருக்கு வேலை பாக்க?"

இந்த நியாயத்தைக் குற்றாலத்தில் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேட்கும்போது நியாயமாகவே இருக்கும். கைப்பிடி கையோடு வரும்போதுதான் உறைக்கிறது.

ஜெபராணி கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. படியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அந்தம்மா இதைப் புடிச்சிருந்தா..?"

தேவராஜ் போனை எடுத்து வெல்டிங்காரரைக் கூப்பிட்டான்.

ரிவ்யூ போட்டவர் இதைத்தான் பிடித்திருப்பார். பயந்திருப்பார். கைப்பிடி ஆடியது என்று எழுதியிருந்தால் ஒரே நாளில் சரிசெய்திருக்கலாம். அவரோ கட்டடத்துக்கே பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டார். அவரை மட்டும் சொல்வானேன்? ஒரு டீச்சர் சரியில்லை என்றால் ஸ்கூலே வேஸ்ட், ஒரு மாமா சண்டை போட்டால் அந்தக் குடும்பமே மோசம் - நாம் தினமும் இப்படித்தானே ரிவ்யூ போட்டுக்கொண்டிருக்கிறோம்? ஆடுவது எது என்று விரல் வைத்துக் காட்ட நமக்குப் பொறுமை இல்லை.

தென்காசியிலிருந்து வெல்டிங்காரர் வந்தார். மேலே தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நானும் தேவராஜும் நனைந்தோம். நான்கு மணிக்கு வேலை முடிந்தது.

"கைப்பிடி கதையை மதுரைக்காரங்கிட்ட சொல்ல வேண்டாம். பயந்துருவாங்க" என்றான் தேவராஜ்.

"சொல்லத்தான் செய்வேன்" என்றாள் ஜெபராணி. சொன்னாள். வீடு நல்லா இருக்கு, வெளிப்படிக் கைப்பிடி ஆடுச்சு, இன்னைக்கு வெல்டிங் வச்சாச்சு, அம்மாவுக்குக் கீழ் ரூம் தாரேன் - இவ்வளவுதான் மெசேஜ். கூடவே ஒரு வீடியோ. வெல்டிங் வைத்த கைப்பிடியைப் பிடித்து தேவராஜ் தன் மொத்த உடம்பையும் போட்டு ஆட்டுகிறான். கைப்பிடி அசையவில்லை. தொப்பைதான் அசைந்தது.

ப்ளூ டிக் விழுந்தது. பதில் இல்லை. ஜெபராணி போட்ட டீ ஆறிப்போனது. யாரும் குடிக்கவில்லை. தேவராஜ் அதற்குள் ரெண்டு தடவை போய்க் கைப்பிடியை ஆட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

கடைசியில் போன் அடித்தது. மதுரைக்காரரேதான். ஜெபராணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"கீழ் ரூம் வேணாம்ங்கிறாங்க அம்மா. சாரல் மேல் ரூமுக்குத்தான் நல்லா அடிக்குமாம். அந்தக் கைப்பிடியைப் பிடிச்சு ஏறிக்கிறாங்களாம்!"

ஜெபராணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு போய்ப் புது டீ போட்டாள்.

கிளம்பும் முன் ரிவ்யூவுக்கும் ஒழுங்கான இங்கிலீஷில் ஒரு பதில் எழுதிக் கொடுத்தேன். 'ஐயா, ராம்ஷாக்கிளாக இருந்தது கைப்பிடி. அதைச் சரிசெய்துவிட்டோம். வீடு வெறும் தாறுமாறு மட்டுமே. நன்றி.'

வாசல் வரை வந்த ஜெபராணி கேட்டாள்: "அண்ணாச்சி, அந்த வார்த்தையை ஆம்பளையாளுக்குச் சொல்லலாமா?"

"அகராதியில அப்படி இல்லையேம்மா" என்றேன்.

சைக்கிள் டியூபைச் சுருட்டிப் பத்திரமாகப் பரணில் போட்டுக்கொண்டிருந்த தேவராஜை ஒரு பார்வை பார்த்தாள்.

"அகராதி எழுதுனவுக எங்க வீட்டுக்கு வந்து தங்குனது இல்ல போல!"