அம்மா தூக்கிய குணுக்கு

சண்டைக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் எங்கள் வீட்டு நடுஅறையில் பாய் விரித்து முந்நூற்றிநாலு என்கிற சீட்டாட்டம் விளையாடுவார்கள். திருகோணமலையில் சீட்டுக்கட்டு இல்லாத வீடு அரிது என்றாலும், எங்கள் பாயில் உட்கார்ந்த நான்கு பேரும் ஆஸ்பத்திரிக்காரர். அம்மா தாதி. அதே வாட்டில் வேலைசெய்த இன்னொரு தாதியை, ஊரை வைத்து வெருகல் மாமி என்போம். மருந்து கொடுக்கிறவர் மருந்து மாமா. மற்றவர் அம்புலன்ஸ் ஓடுகிற மாமா. ஊரடங்குக்கு முன் வீடு சேர வேண்டும் என்பதால், சோறு தின்ற கை காய முன்னரே தாளைக் குலைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

இந்த ஏற்பாட்டைத் தொடக்கியவர் அம்புலன்ஸ் மாமா. கொழும்பிலிருந்து ஒரு துரை வந்து, மனப்பாரத்தைக் குறைப்பது எப்படி என்று ஆஸ்பத்திரிக்காரருக்கு வகுப்பு எடுத்தாராம். பின்னேரங்களில் கடற்கரையில் காலாற நடக்கச் சொன்னாராம்.

“ஆமிச் சென்றியில துவக்கோட நிக்கிறவனுக்கு நான் என்னெண்டு சொல்லுறது? மனசு சரியில்லை, நடக்க வந்தனான் எண்டோ?” என்று மாமா கேட்டார். “நாங்களே எங்களுக்கு ஒரு வைத்தியம் பாப்பம்.”

வைத்தியம் இதுதான். முந்நூற்றிநாலில் தோற்றவர் காதில் குணுக்குத் தூக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். நூலில் கட்டிய தேங்காய்ச் சிரட்டைத் துண்டைக் காதில் தொங்கவிட்டுக்கொண்டு, எல்லோரும் சிரிக்க உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் பாயில் சட்டம் வேறு. ஆட்டத்தில் தோற்றால் ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரிக் கதை கதைத்தால்தான் குணுக்கு. அதைக் காது கொடுத்துக் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிற நடுவர் நான். எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் வகுப்புத் தலைவி பதவிகூடக் கிடைக்காதவளுக்கு இது எவ்வளவு பெரிய உத்தியோகம்!

நான் ஈவு இரக்கம் பார்க்கவில்லை. கட்டில், கட்டு, சேலைன், எதைச் சொன்னாலும் குணுக்குத்தான். சட்டைக்குப் பொத்தான் தைக்க ஊசி இருக்கிறதா என்று கேட்ட மருந்து மாமாவுக்கும் ஒன்று போட்டேன். “அட கடவுளே, இவள் நீதவானாத்தான் வருவாள்” என்று அவர் காதைத் தந்தார்.

ஆனால் பெரியவர்கள் ஏன் இவ்வளவு மொக்குத்தனமாக விளையாடுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. கதைத்தால் குணுக்கு என்று தெரிந்தும் கதைப்பார்கள். குணுக்கு ஏறிய பிறகு வாயை மூடவேண்டியதுதானே? அதற்குப் பிறகுதான் ஆறுதலாக முழுக்கதையையும் சொல்வார்கள். சொல்லி முடிய மற்றவர்கள் காதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அடுத்த ஆட்டம் தொடங்கும்.

அம்மா மட்டும் ஒருநாளும் குணுக்குத் தூக்கவில்லை. எனக்கு அதில் தலைகால் தெரியாத பெருமை.

அந்த மாசிமாதம் அம்மா நித்திரை கொள்வதை விட்டுவிட்டார். பக்கத்தில் படுப்பதால் எனக்குத் தெரியும். எந்நேரம் விழித்தாலும் அவர் கண் திறந்தபடி இருக்கும். தோய்த்துக் காய்ந்த வெள்ளைச் சட்டையைத் திரும்பவும் தோய்ப்பார். தேத்தண்ணீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பார். ஒருநாள் வெருகல் மாமி குசினிக்குள் அப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

“அக்கான்ர கை நடுங்குது அண்ணை. இப்பிடியே போனா ஆள் விழுந்துபோவா.”

“என்னோடையும் ஒண்டும் கதைக்கிறாவில்லை. நான் என்ன செய்ய?” என்றார் அப்பா.

அம்மா விழுந்தால் யார் தூக்குவது என்று யோசித்தேன். ஆனால் அதற்கும் சீட்டாட்டத்துக்கும் தொடர்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு மூன்று பேரும் கூட்டுச் சேர்ந்துகொண்டு அம்மாவை மடக்கப் பார்த்தார்கள். “அக்கா, அந்த மூலைக் கட்டில்ல இப்ப ஆர்?” என்று வெருகல் மாமி கேட்டார். கேட்டவர் காதில்தான் குணுக்கு ஏறியது. “அண்டைக்குப் படகில வந்த ஆக்கள்...” என்று அம்புலன்ஸ் மாமா இழுத்தார். அவருக்கும் ஒன்று. அம்மா தாளைப் பார்த்தபடி, “துரும்பைப் போடுங்கோ” என்றார். நான் கை தட்டினேன். என் அம்மாவிடமா இவர்களுடைய விளையாட்டு!

அப்போது அம்மாவின் கையிலிருந்த தாள் ஒன்று நழுவிப் பாயில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

“அந்தப் பொடியன் தண்ணி கேட்டவன்” என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவை விட்டுக்கொடுக்கலாமா? “பொடியன்மார் எல்லா இடத்திலையும் இருக்கிறாங்கள். தண்ணியும் எல்லா வீட்டிலையும் இருக்கு. இது ஆஸ்பத்திரிக் கதை இல்லை. குணுக்கு இல்லை!” என்று தீர்ப்புச் சொன்னேன்.

“இல்லைப் பிள்ளை. இது குணுக்குத்தான்” என்றார் வெருகல் மாமி. தன் காதிலிருந்ததைக் கழற்றினார். அம்மா தானாகவே தலையைச் சரித்துக் காதைக் கொடுத்தார்.

பிறகு அம்மா கதைத்தார்.

“ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டுபோற ஆளுக்குத் தண்ணி குடுக்கக் கூடாது. நான் குடுக்கேல்லை. என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு அக்கா, ஒரு மிடறு எண்டவன். வந்து தாறன் எண்டனான். அவன் தியேட்டர் வாசலிலயே போயிற்றான். தாகத்தோட போயிற்றான்.”

“அவனைக் கொண்டுவந்தது நான். வழியெல்லாம் என்னட்டையும் கேட்டவன்” என்று அம்புலன்ஸ் மாமா இன்னொரு சிரட்டையை எடுத்துத் தன் மற்றக் காதில் போட்டுக்கொண்டார்.

ஒருவரும் அம்மாவைத் தேற்றவில்லை. அழாதே என்றும் சொல்லவில்லை. அம்மா சொல்லச் சொல்ல மாமி ஒவ்வொன்றாக மாட்டினார். சிரட்டை முடிந்த பிறகும் அம்மா நிறுத்தவில்லை. கடைசியில் மருந்து மாமா, “அக்கா, இனித் தூக்க உங்களுக்குக் காது இல்லை” என்றார். அம்மா அழுதுகொண்டே சிரித்தார். ஊரடங்குக்கு நேரமாகிவிட்டது என்று மூன்று பேரும் செருப்பைத் தேடி ஓடினார்கள்.

நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று விம்மி விம்மி அழுதேன். மூன்று பெரிய ஆட்கள் சேர்ந்து என் அம்மாவைத் தோற்கடித்துவிட்டார்கள். நடுவரையும் மதிக்கவில்லை. அன்றிரவு அம்மா பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தார். தோற்றவருக்கு எப்படி நித்திரை வருகிறது என்று எனக்கு அவரிலும் கோபம்.

காலையில் வேலைக்குப் போகிற வழியில் வெருகல் மாமி வந்து படலையைப் பிடித்தபடி நின்றார். நான் முகத்தைத் திருப்பினேன்.

“அம்மா படுத்தவவோ பிள்ளை?”

“ஓம். விடிய விடியக் குறட்டை. இன்னும் எழும்பேல்லை” என்றேன் எரிச்சலோடு.

மாமி அப்படியே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். என் தலைமயிர் நனைகிற அளவுக்கு அழுதார். செய்த அநியாயம் இப்போதுதான் அவருக்கு உறைத்திருக்கிறது என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. “பரவாயில்லை மாமி” என்று முதுகில் தட்டிக்கொடுத்து, அவரை மன்னித்துவிட்டேன்.