ஏழாம் நம்பர் மலையில் புலி

ஹட்டனில் கம்ப்யூட்டர் வகுப்பு முடித்த கையோடு, எங்கள் தோட்டத்துப் புலிகளைப் படத்தில் ஏற்றிவிடுவது என்று முடிவு செய்தேன். நாங்கள் புலி என்பது சிறுத்தையைத்தான். கொழுந்தெடுக்கும் என் அக்கா, தானும் கூட்டாளிகளும் கண்டதையெல்லாம் வந்து சொல்வாள். எந்த மலை, எந்த நேரம், கால் தடமா, நேரில் கண்டதா என்று கொப்பியில் எழுதிக்கொள்வேன். மலை என்றால் எங்களுக்கு நம்பர் போட்ட தேயிலைக் காடு.

இரண்டு மென்பொருள்கள் சிடியில் கிடைத்தன. ஒன்று பார்க்கவே அழகு. ஒவ்வோர் இடத்துக்கும் ஒருமுறை அட்சரேகை, தீர்க்கரேகை கொடுத்துவிட்டால் போதும். பிறகு பெயரைத் தட்டியதும் வண்ணப் புள்ளி தானாக விழும். மற்றதில் நாமே ஒரு படத்தை ஸ்கேன் செய்து போட்டு, அதன்மேல் ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். யோசிக்கவே இல்லை, அழகானதை எடுத்தேன்.

அந்த வாரம் ஏழாம் நம்பர் மலையில், தண்ணீர் கொட்டும் பீலிக்கு மேலே பாறையடியில், குட்டிகளோடு ஒரு புலியை அக்கா பார்த்தாள். வரும் திங்கட்கிழமை அவர்களுக்கு அங்கேதான் கொழுந்து. மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவிடம் சொன்னதற்கு, வேலைக்குக் கள்ளம் போட கதை கட்டுவதாகச் சிரித்தாராம். படத்தைக் காட்டினால் வாயடைத்துப் போவார் என்று நான் துள்ளினேன்.

அச்செடுத்த தாளை அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏன்டி, இந்தப் புலிக்கு மேக்கணக்குல எப்ப பேரு பதிஞ்சாங்க?"

எங்கள் தோட்டம் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு பிரிவு. இரண்டிலும் மலைகளின் நம்பர் ஒன்றில்தான் தொடங்கும். இரண்டிலும் ஏழு உண்டு. நாங்கள் குடியிருக்கும் லயத்துச் சின்னப்பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அக்காவுக்கு வேலை கீழ்க்கணக்கில். நானோ ஏழுக்கு ஒரே இடத்தை, அதுவும் மேல்கணக்கில், கொடுத்திருந்தேன். கீழ்க்கணக்குப் புலி குட்டிகளோடு மேலே ஏறிவிட்டது.

"இத காட்டியிருந்தா, மேக்கணக்கு ஆளுங்களையும் எங்க மலைக்கே அனுப்பியிருப்பாரு."

சனிக்கிழமை, தோட்டத்து ஆபீஸ் கிளாக்கையாவிடம் கெஞ்சி வாங்கிய தோட்டப் படத்தின் பிரதியோடு ஹட்டன் பஸ் ஏறினேன். ஸ்கேன் செய்து, மற்ற மென்பொருளில் போட்டு, கொப்பியில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் குறித்தேன். சாயங்காலமாகிவிட்டது. வண்ணம் குறைவுதான். ஆனால் பாறையும் பீலியும் குறுக்குப் பாதையும் இருந்த இடத்திலேயே இருந்தன. கண்டாக்கையா தினமும் ஆபீஸ் சுவரில் பார்க்கிற படம் இது. இதை அவர் மறுக்க முடியாது என்று எனக்கு நிச்சயம்.

திங்கள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் அவரிடம் தாளை நீட்டினேன். அவருடைய விரல் நேராகப் புள்ளிக்குப் போனது.

"பீலிக்கு மேல உள்ள கல்லுதானே? நம்ம நாய் காணாமப் போனதும் அங்கதான்."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இன்றைக்கு எல்லாரும் ஒன்பதாம் நம்பருக்குப் போகட்டும் என்றார். பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு திரும்பினார்கள். அக்கா மட்டும் நின்று, என்னைப் பார்த்துக்கொண்டே அவரிடம் கேட்டாள்:

"கீக்கணக்கு ஒம்பதுதானுங்களே?"