திண்டிவனம் எங்கள் ஊர் இல்லை

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை நான் ஜைனக் கோயில் இருக்கும் மேல்சித்தாமூர் போனதற்குக் காரணம் பக்தி இல்லை. அப்பா சொன்ன ஒரு வார்த்தைதான்.

நான் பழைய துணிகளைச் சேர்த்துத் தைத்து அதன்மேல் வரைகிறவள். எங்கள் குடும்பம் எங்கிருந்து கிளம்பி எங்கெல்லாம் போனது என்பதை ஆறடிக்கு ஆறடித் துணியில் ஒரு கண்காட்சிக்காகச் செய்துகொண்டிருந்தேன். சுற்றிலும் அம்மாவின் புடவை, அண்ணன் துபாயில் போட்டிருந்த வேலைச் சட்டை, என் பள்ளிச் சீருடை. நடுவில், சொந்த ஊருக்கான இடத்தில், திண்டிவனம் ரயில் நிலையத்தை வரைந்திருந்தேன். எல்லா விண்ணப்பத்திலும் சொந்த ஊர் திண்டிவனம் என்றுதான் எழுதி வந்திருக்கிறோம். அப்பா பிறந்த சித்தாமூரை எழுதினால் அது எங்கே என்று கேட்பார்கள், விளக்க வேண்டும். அந்தச் சோம்பல்தான்.

கண்காட்சிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அப்பா அதைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறையும் பார்த்தார்.

“திண்டிவனத்துல நமக்கு என்னாம்மா இருக்குது? அங்க பஸ் மாறுவோம், அவ்ளோதான்.”

எட்டு மாத உழைப்பு. எனக்குக் கோபம் வந்தது, அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அப்பா பிறந்த வீட்டின் செதுக்கல் வேலை செய்த கதவின்மேல் துணியை விரித்து, கரியால் தேய்த்து, அந்தச் செதுக்கலைப் பதிவெடுத்து நடுவில் வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். முழங்கால் வலியோடு அவரால் வர முடியாது. தனியாகக் கிளம்பினேன்.

பெருங்களத்தூரில் காலை 6.15க்குப் பஸ், டிக்கெட் 110 ரூபாய். 8.25க்குத் திண்டிவனம். இட்லி, காபி 65 ரூபாய். செஞ்சி பஸ்ஸில் போய் வழியில் இறங்கியும் போகலாம், ஆனால் உள்ளே போக வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். நான் ஆட்டோ பேசினேன். போக வர 800 ரூபாய், காத்திருப்பதற்குத் தனியாக இல்லை. தூரம் இருபது கி.மீ. சொச்சம். வழியெல்லாம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் கொல்லை. தேர்த் திருவிழா இல்லாத நாளில் எதற்கு வருகிறேன் என்று ஆட்டோக்காரர் விசாரித்தார். கதவு பார்க்க என்றேன். கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

கோயிலில் எங்கள் தீர்த்தங்கரர் பார்சுவநாதரைக் கும்பிட்டுவிட்டு, அப்பா சொன்ன அடையாளத்தை வைத்துத் தெருவைக் கண்டுபிடித்தேன். வீடு இல்லை. அந்த இடத்தில் டைல்ஸ் ஒட்டிய மாடி வீடும் இரும்பு கேட்டும் இருந்தன. அந்த கேட்டையே தேய்த்து எடுத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தேன், வெட்கக்கேடு.

எதிர்வீட்டிலிருந்து ஒரு பெண் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பெயர் பத்மா, முப்பது வயதிருக்கும். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரி லேபில் வேலை, அன்று லீவு. விவரம் கேட்டுவிட்டு, வெயிலில் நிற்க வேண்டாம் என்று உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். கொல்லைக் கிணற்றில் இறைத்து, குடத்தின் வாயில் வெள்ளைத் துணி கட்டி வடித்த தண்ணீர்.

பிறகு அவர் செய்ததுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. துணியை அவிழ்த்து, சின்ன வாளியின்மேல் திருப்பிப் பிடித்து, வடித்த தண்ணீரையே மெதுவாக ஊற்றி அலசினார். அந்த வாளியைக் கயிற்றில் கிணற்றுக்குள் இறக்கி, தண்ணீரைத் தொட்டதும் சாய்த்துவிட்டார். துணியை வெளியே உதறிவிடலாமே என்று கேட்டேன்.

“கண்ணுக்குத் தெரியாத உசுரு அதுல இருக்கும்க்கா. லேப்ல அதத்தான தெனம் பாத்துக்கினு இருக்கறேன். எந்தத் தண்ணியில எடுத்தமோ அங்கயே வுட்டுடணும். வேற எடத்துல தாங்காது.”

எங்கள் சென்னை வீடு மூன்றாவது மாடி. அப்பாவும் குழாயில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார். தினமும் காலையில் அதை ஒரு சொம்பில் அலசி, அந்தத் தண்ணீரோடு படியிறங்கிப் போய், எங்கள் குழாய்த் தண்ணீர் ஏறிவரும் சம்ப்பின் மூடியைத் திறந்து ஊற்றிவிட்டு வருவார். வாட்ச்மேன் சிரிப்பார். பள்ளிக்குக் கிளம்பும்போது அதைப் பார்த்துவிட்டால் நான் அவரைத் தெரியாதவள் மாதிரி நடந்து போவேன். சிங்க் அடைத்துக்கொள்ளும் என்று பயப்படுகிறார், அவ்வளவுதான் என்று இருந்தேன். ஒருநாளும் கேட்டதில்லை. நான்கு வருடம் முன்பு தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் வாங்கிப் போட்டேன். அந்தத் துணியை எடுத்து என் தூரிகை துடைக்க வைத்துக்கொண்டேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார்.

கிணற்றடியிலேயே அழுதுவிட்டேன். வீடு போனதற்கு அழுகிறேன் என்று நினைத்து பத்மா சமாதானம் சொன்னார். அவருடைய துணியைக் கேட்டேன், ஓவியத்துக்கு. அவர் தரவில்லை.

“இது வேலை செய்யற துணிக்கா. உங்க வூட்டுலயே இருக்குமே.”

போகிறவர்களுக்கு: காலையிலேயே போய்விடுங்கள், மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள். சாப்பாட்டுக் கடைகளை நம்ப வேண்டாம், திண்டிவனத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். ஜைன வீடுகளில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவார்கள், அதன்பிறகு போய் நின்று அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள். ஒரு நாள் போதும். எனக்கு மொத்தம் 1,100 ரூபாய்க்குள் முடிந்தது.

மாலை 4.40க்கு வீட்டில் இருந்தேன். ரயில் நிலையத்தைப் பிரித்தெடுத்தேன். தூரிகைத் துணியை மூன்று முறை துவைத்தும் நீலமும் காவியும் போகவில்லை. அப்படியே நடுவில் வைத்துத் தைத்து அப்பாவிடம் காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்தார். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை.

“இது இனிமே தண்ணிக்கு ஆவாது. என் வேட்டியில புதுசா ஒண்ணு கிழிச்சிக் கட்டு” என்றார்.

கட்டியிருக்கிறேன், மெஷினுக்குப் போகும் குழாயில். காலையில் சொம்போடு இறங்குவது இப்போது நான்தான். தூரம் ஐம்பத்து நான்கு படி. செலவு ஒன்றுமில்லை. வாட்ச்மேன் சிரிக்கிறார்.